நெத்திலிக் கணக்கு வெறும் ஊகமா?
"நாலு இடத்தில் வலை போட்டு முட்டை எண்ணிவிட்டு, 2005-இல் பிஸ்கே விரிகுடாவில் (ஸ்பெயின், பிரான்ஸ் கரையோரக் கடல்) நெத்திலி பிடிக்கத் தடை போட்டார்கள்" என்று ஒரு வாட்ஸப் தகவல் சுற்றுகிறது. தடை உண்மைதான், முழுமையாக 2010-இல்தான் நீங்கியது. ஆனால் வெறுமனே முட்டையை எண்ணி முடிவெடுத்தார்கள் என்பது தவறு.

கடலில் வலையால் எடுத்த நெத்திலி முட்டையின் வளர்ச்சி நிலையையும் நீரின் வெப்பத்தையும் வைத்து அதன் வயதைக் கணிக்கிறார்கள். அதிலிருந்து, அந்தக் கடல் பரப்பு முழுவதும் ஒரு நாளில் இடப்படும் முட்டைகள் எத்தனை என்று தெரியும். அப்புறம் தாய் மீன்களைப் பிடித்து, எடைக்கு எத்தனை முட்டை, தினமும் எத்தனை பங்கு மீன் முட்டையிடுகிறது என்று பார்த்து வகுத்தால் அங்குள்ள நெத்திலியின் மொத்த எடை வரும்.

இது ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஆய்வாளர்கள் செய்வது. பிரான்சின் கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரெமெர் அதே வசந்தகாலத்தில் தனியாக ஒலி அனுப்பி எதிரொலியை அளக்கிறது. எந்த மீன் என்று இழுவலை போட்டும் பார்த்துக்கொள்கிறது. இரண்டிலும் பிழை வரம்பு உண்டு, சரி. ஆனால் 2005-இல் இரண்டுமே மீன் மிகக் குறைவு என்றுதான் காட்டின.