முதல் நாளுக்கு முன்பே பிளானைப் பாருங்கள்

"பிளானைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறோம், பதில் வந்ததும் தொடங்கலாம்" என்று சொன்னால் பல மருத்துவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நோயாளி காத்திருக்கும்போது இதென்ன பேப்பர் வேலை என்ற எரிச்சல். சரி, நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் புற்றுநோய் ஆய்வுகளில் சேரும் நோயாளியின் கதிர்வீச்சு பிளானை, அதாவது உடம்பில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்ற திட்டத்தை, சிகிச்சை தொடங்கும் முன்பே வெளியாள் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மருந்து ஆய்வென்றால் எல்லா மருத்துவமனைக்கும் ஒரே மாத்திரை போகும். கதிர்வீச்சை அந்தந்த மருத்துவமனையே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு) என்று ஆய்வு விதியில் எழுதியிருக்கும். அது எங்கே விழ வேண்டும் என்பதை சிடி ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் கோடு போட்டு முடிவு செய்கிறார்.

ஒருமுறை தொண்டைப் புற்றுநோயாளி ஒருவரின் பிளானை அனுப்பினோம். தண்டுவடத்துக்கு டோஸ் குறைவு, உமிழ்நீர்ச் சுரப்பியும் தப்பியிருந்தது. எங்களுக்கு முழுத் திருப்தி. மறுநாள் பதில்: "இடப்பக்கக் கழுத்தில் ஒரு நிணநீர் முடிச்சு இருக்கிறது. உங்கள் கோடு அதற்கு நாலு படம் மேலேயே நின்றுவிட்டது." திறந்து பார்த்தோம். படத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் வெறும் 12 மில்லிமீட்டர். மருத்துவரும் பார்த்து, இயற்பியலாளரான நானும் பார்த்து, இருவரும் தவறவிட்ட இடம்.

இதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான 'ஹெட்ஸ்டார்ட்' ஆய்வு பதில் சொல்கிறது. பல நாடுகளில் 861 பேர் சேர்ந்த அந்த ஆய்வு, டிராபசமின் என்ற மருந்தைச் சோதிக்கத்தான் நடந்தது. மருந்தால் பலன் தெரியவில்லை. ஆனால் 2010-இல் வெளியான தரப் பரிசோதனைக் கணக்கைப் பாருங்கள்: விதிப்படி கதிர்வீச்சு பெற்றவர்களில் 2 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். பிளானில் பெரிய குறை இருந்தவர்களில் 50 சதவீதம். ஒரு புது மருந்து இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்!

அதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. 5 பேருக்கும் குறைவாகச் சேர்த்த மையங்களில் கிட்டத்தட்ட 30 சதவீதப் பிளான்களில் பெரிய குறை; 20 பேரோ அதற்கு மேலோ சேர்த்த இடங்களில் சுமார் 5 சதவீதம். அதற்காகச் சின்ன மையங்களை ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே போகும் நோயாளி என்ன பாவம் செய்தார்? அவர்கள் பிளானை முதலில் பாருங்கள், கூட உட்கார்ந்து பாருங்கள்.

மெஷினையும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1968 முதல் இயங்கும் கதிர்வீச்சுத் தரச் சோதனை மையம், ஆய்வில் சேரும் மருத்துவமனைகளுக்கு 'ஃபேண்டம்' என்ற தலை வடிவ பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை அனுப்பும். தண்ணீர் நிரப்பி, நோயாளி போலவே ஸ்கேன் எடுத்து, பிளான் போட்டு, கதிர்வீச்சு கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். டோஸில் 7 சதவீதம், இடத்தில் 4 மில்லிமீட்டர் வரை சலுகை உண்டு. அப்படியும் 2008-இல் வெளியான கணக்கில், இந்தச் சோதனைகளில் கால்வாசிக்கு மேல் தோல்வி.

அப்புறம், எங்கள் நோயாளி. அன்று மாலையே கோட்டைக் கீழே இறக்கி, பிளானை மறுபடி போட்டோம். திங்கட்கிழமை தொடங்க வேண்டியது புதன்கிழமை தொடங்கியது. ஏன் தாமதம் என்று அவர் மகள் கேட்டார். ஸ்கேனைத் திறந்து, அந்த நாலு படங்களையும் காட்டினேன்.