சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒரே கியர் ஆயிலா?

"சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் எந்த வண்டிக்கும் சேரும்; பழசை இறக்கிவிட்டு, கையேட்டிலுள்ள மொத்த அளவையும் ஊற்றுங்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சிவப்பு வெறும் சாயம். உராய்வுத் தன்மை ரகத்துக்கு ரகம் மாறும். சிவிடி எனப்படும், பெல்ட்டால் இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேயும். சரியான ரகம் வண்டியின் கையேட்டில் இருக்கிறது.

அளவு விஷயம் இன்னும் ஆபத்தானது. கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினாலும், டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் பெரும்பாலும் இறங்காது. அதன்மேல் மொத்த அளவையும் ஊற்றினால் ஆயில் நுரைத்து, அழுத்தம் குறைந்து, கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். இறங்கியதை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். ஃபில்டரின் பழைய சீல் உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் தவறவிடுவது அதைத்தான். பிறகு, கையேடு சொல்லும் வெப்பநிலையில் மட்டம் பாருங்கள்.

அந்தப் பதிவைத் தயவுசெய்து இனி பகிராதீர்கள்.