தீனி மட்டும் போதாது

குதிரைக்கு ஒரு பக்கத் தசை மெலிந்தால் கொள்ளுத் தீனியும் எண்ணெய்த் தேய்ப்பும் போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தீனி குறைந்தால் உடம்பு முழுக்கத்தான் இளைக்கும்; ஒரு பக்கம் மட்டும் வற்றினால் காரணம் வேறு. நம்ம கன்னியாகுமரி கடற்கரையில் சவாரிக் குதிரைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏறுகிறவர்கள் இடப்பக்கமாகவே தொற்றி ஏறுவதால் சேணம் அந்தப் பக்கம் இழுபடுகிறது. சேணத்தைக் கழற்றியதும் வேர்த்த முதுகில் ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கேதான் அழுத்தம் என்று சந்தேகப்பட வேண்டும். நாளாக ஆக அடியில் தசை கரையும், மேலே வெள்ளை முடி முளைக்கும். கால் வலித்தாலும் அப்படித்தான், அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தே தசை வற்றும். தோளில் அடிபட்டு நரம்பு நசுங்கினால் தோள்பட்டை எலும்பு துருத்தித் தெரியும். அது தேற மாதக்கணக்காகும்.

அதனால் முதலில் வலியைக் கண்டுபிடிக்க வேண்டும். நாகர்கோவிலில் முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி, பொருந்துகிற சேணமாக மாற்றி, வலி போன அப்புறம் ஆள் ஏற்றாமல் இரண்டு பக்கமும் வட்டமாக நடத்தலாம். கஷ்டப்படும் பக்கம் கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி. காலில் புதையும் காய்ந்த மணல் வேண்டாம், தசைநாண் இழுத்துக்கொள்ளும். அலை நனைத்து இறுகிய மணலே நல்லது.