‘கேக் எசன்ஸ்தானே’ என்று வேப் (மின்சிகரெட்) இழுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி: “வேப் திரவத்தில் இருப்பது கேக்கில் ஊற்றும் எசன்ஸ்தான், பயமில்லை.” தவறு. உணவு எசன்ஸுக்குத் தரும் ஒப்புதல் விழுங்குவதற்கு மட்டுமே. வயிற்றுக்குள் போவதில் பெரும்பாலானதைக் கல்லீரல் உடைத்துவிடும்; நுரையீரலுக்கு அந்த அளவு வசதி இல்லை.

வெண்ணெய் மணம் தரும் டயசெட்டைலையே பாருங்கள். 2000இல் அமெரிக்காவின் மிசௌரியில், பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு நுண்மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தது தெரியவந்தது. அந்தத் தழும்பு மறையாது. ‘டயசெட்டைல் இல்லை’ என்ற லேபிளை நம்பியும் பயனில்லை. பதிலுக்குச் சேர்க்கும் பென்டேன்டையோனும் விலங்குச் சோதனைகளில் மூச்சுக்குழாயைக் கெடுத்தது. வனிலா மணம் தரும் வனிலினில் ஒரு பகுதி, பாட்டிலுக்குள்ளேயே வேப் திரவத்தின் அடிப்படைப் பொருளான புரொப்பிலீன் கிளைக்காலோடு சேர்ந்து அசெட்டல் என்ற வேறொரு வேதிப்பொருளாக மாறுகிறது. அது எந்த லேபிளில் இருக்கும்?

“அரசே வரி வாங்குகிறதே” என்பார்கள். 2023 ஜூன் 1 முதல் மில்லிலிட்டருக்கு 2.90 ராண்ட் வாங்கத் தொடங்கியது உண்மைதான், சிகரெட்டுக்கும்தான் வாங்குகிறது.