விராலுக்கு உயிர் இரை போட்டு வேடிக்கை காட்டாதீர்கள்

வீட்டில் விரால் வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒன்று வளர்கிறது. நான் எதிர்ப்பது வேறொன்றை. உயிருள்ள கோழிக்குஞ்சையோ எலியையோ தொட்டிக்குள் போட்டு, விரால் அதைக் கவ்வுவதைக் கைபேசியில் படம் பிடித்து, சுற்றி நின்று கைதட்டும் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறேன். அண்மையில் அப்படியொரு காணொளியில், படம் பிடிப்பவரின் பக்கத்தில் ஐந்து ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நிற்பதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் விராலை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன்குளம் என்று எந்தக் குளக்கட்டில் தூண்டிலோடு நிற்பவரைக் கேட்டாலும், திலாப்பியா அகப்பட்டால் கறி, விரால் அகப்பட்டால் கதை என்பார். திலாப்பியா 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன். விரால் அதற்கு முன்பிருந்தே இந்தக் குளங்களின் குடி. நோயில் கிடந்து எழுந்தவருக்கு விரால் கறி வைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. தூண்டிலை அது இழுக்கும் வேகத்தைக் கையில் உணர்ந்த ஒருவருக்கு, அந்த மீனைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன்.

ஆனால் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதில்தான் எனக்கு விவாதம். விரால் நாளின் பெரும்பகுதியை அசையாமல் நிழலில் கழிக்கும் மீன். காற்றைச் சுவைத்துவிட்டு இறங்குவதுபோல, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போகும். அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து நேரடியாக மூச்சு எடுக்கும் உறுப்பு இருக்கிறது. நீரில் எவ்வளவு ஆக்சிசன் இருந்தாலும், மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் ஈரத்தோடு கிடந்து உயிர் பிழைப்பதும், மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து அடுத்ததற்குத் தரையில் ஊர்ந்து போவதும் இந்த மூச்சினால்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யார் நடந்தாலும் அதன் கண் கூடவே திரும்பும். சாப்பாடு கொண்டுவருபவர் யார் என்பதைச் சில வாரங்களில் தெரிந்துகொள்ளும். இவ்வளவையும் பார்க்காமல் கவ்வும் அந்த ஒரு நொடிக்காக மட்டும் ஒரு விராலை வைத்திருப்பது எனக்குப் பெரிய வீணாகவே தெரிகிறது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவன் என்னோடு வாதாடினான். "அண்ணா, குளத்திலும் அது உயிரோடுதானே தின்கிறது? இங்கே போட்டால் மட்டும் என்ன பாவம்?" நல்ல கேள்விதான். குளத்தில் தவளைக்குத் தாமரை இலை இருக்கிறது, புல் இருக்கிறது, கரை இருக்கிறது. விரால் பாயும் பலமுறை தவளை தப்பிவிடுகிறது. தொட்டிக்குள் நான்கு பக்கமும் கண்ணாடி. அங்கே நடப்பது வேட்டையல்ல. நாம் முடிவு எழுதிவைத்த ஒரு கொலை. அதோடு, குளத்து விராலுக்குக் கோழிக்குஞ்சும் எலியும் அன்றாட உணவு அல்ல. சிறுமீன், இறால், தவளை, பூச்சி, புழு இவைதான் அது வளர்ந்த தீனி. பறவை, விலங்குகளின் கொழுப்பு மீனின் உடலுக்குச் சரியாகச் செரிக்காது. உள்ளே ஈரலில் போய்ப் படியும்.

சரி, மீனைத்தான் போடுகிறோம் என்று கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கமீன் குஞ்சுகளை வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். இதுவும் கேடுதான், மெதுவாக வரும் கேடு. தங்கமீனிலும் அதன் உறவான கெண்டை இனங்கள் பலவற்றிலும் தயமினேஸ் என்றொரு நொதியம் உண்டு. அது உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் முதலில் தீனியில் விருப்பம் இழக்கும். பிறகு நீந்தும்போது சமநிலை தவறும். வலிப்பு வந்ததுபோலத் துடிக்கும். உறைய வைத்தாலும் அந்த நொதியம் சாகாது, வேகவைத்தால்தான் சாகும். அதற்கு மேல், கடைத் தொட்டியில் நெருக்கியடித்துக் கிடந்த மீன்கள் வெண்புள்ளி நோயையும் ஒட்டுண்ணிகளையும் கூடவே கொண்டுவரும்.

வயலில் பிடித்த தவளையும் வெட்டுக்கிளியும் இலவசம் என்று நினைக்கவேண்டாம். நம் வயல்களில் எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்பது நமக்கே தெரியும். மருந்து அடித்த வயலின் பூச்சி உங்கள் தொட்டிக்கு வரவே கூடாது.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? நான் கொடுப்பது தோல் உரித்த இறால், முள் எடுத்த திலாப்பியாத் துண்டு, வீட்டுத் தோட்டத்து மண்புழு. ஒன்றையே தொடர்ந்து கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். குஞ்சுக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். வளர்ந்த விராலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும். செத்த இரையை விரால் தொடாது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. வியட்நாமில் மீகொங் கழிமுகத்தில் இதே இன விராலை மிதக்கும் தீவனத்திலேயே பண்ணையாக வளர்க்கிறார்கள். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதலில் சில நாள் பசியோடு விடுங்கள், ஆரோக்கியமான விராலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பின்னேரம், வெளிச்சம் குறையும் நேரத்தில், மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு துண்டைச் செருகி, நீருக்குள் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். கையில் பிடித்துக் காட்டவேண்டாம். விராலின் பற்களை அறிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார். முதல் நாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மறுநாள் முகரும். ஒருநாள் எடுத்துவிடும். சிறிய மீன் விரைவாகப் பழகும், பெரியது பிடிவாதம் பிடிக்கும். தின்னாமல் விட்ட துண்டை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். இறைச்சி அழுகினால் அமோனியா ஏறும். விரால் காற்றை மூச்செடுப்பதால் மின்சாரம் நின்ற இரவையும் தாங்கிவிடும், ஆனால் அமோனியா அதன் செவுளையும் தோலையும் எரிக்கத்தான் செய்யும்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழு வளர்ச்சியில் இரண்டடி நீளத்தை எட்டக்கூடிய மீனுக்கு மேசைமேல் வைக்கும் கண்ணாடித் தொட்டி எந்த வகையிலும் பொருந்தாது. ஆறடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். சீமெந்துத் தொட்டி இன்னும் நல்லது. புதிதாகக் கட்டியதென்றால் சுண்ணச்சத்து போகும்வரை பலமுறை நீர் நிரப்பி இறையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், ஏனென்றால் விரால் பாயும். ஆனால் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு நல்ல இடைவெளி இருக்கவேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு விரால்.

மீனை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் தீனியைப் போலவே எனக்கு முக்கியம். மாரி தொடங்கி வாய்க்கால்களில் நீர் ஓடும் காலத்தில் கரையோரப் புல்லுக்கிடையே செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்து மேலே வரும். கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தை வலையால் அள்ளி விற்பதும், காவல் நிற்கும் பெரிய மீன் எதையும் எதிர்த்துப் பாயும் என்பதை அறிந்து அங்கேயே தூண்டில் போடுவதும் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகின்றன. காவல் போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும். அடுத்த ஆண்டு குளத்தில் விரால் குறைந்துவிட்டதென்று அதே ஆட்கள்தான் முறைப்பாடு சொல்வார்கள். ஒரு விரால் வேண்டுமென்றால் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில், குளத்துத் துருசை (மதகை) பூட்டிய பிறகு வாய்க்கால் பள்ளங்களில் தேங்கிய நீரைப் பாருங்கள். வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகக் காத்திருக்கும் சிறுமீன்கள் அங்கே இருக்கும். அவற்றில் ஒன்றை எடுப்பதால் குளத்துக்கு நட்டமில்லை.

கடைசியாக, வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அழகுமீன்களோடு ஒரே நீரில் இருந்த விராலை, அது பிறந்த குளமே ஆனாலும், அங்கே திருப்பி விடாதீர்கள். தொட்டியில் ஏறிய நோய் குளத்துக்குள் போகும். கடையில் வாங்கிய வெளிநாட்டு விரால் என்றால் நினைத்தும் பார்க்காதீர்கள். தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டு இராட்சத விரால் பெருகி மீனவர்களின் பிழைப்பைக் கெடுப்பது 2025இல் செய்தியானது. அழகுமீன் வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டதாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் குரொப்டன் என்ற ஊரில் ஒருவர் இரண்டு வெளிநாட்டு விரால்களைக் குட்டையில் விட, அவை பெருகி, 2002இல் முழுக் குட்டைக்கும் நஞ்சிட்டுக் கொல்லவேண்டி வந்தது. இரணைமடுவில் அப்படியொன்று நடந்தால் நஞ்சிடவும் முடியாது, பிடித்து முடிக்கவும் முடியாது. ஆகவே பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினால், யாரிடம் இடமிருக்கிறதென்று விசாரித்துச் சொல்கிறேன்.