2520 பத்தி சுத்துற ஃபார்வர்டு பாதி தான் உண்மை
குடும்ப குரூப்ல மறுபடி வந்துருச்சு, "1 முதல் 10 வரை எல்லா எண்ணாலயும் மீதியில்லாம வகுபடுற ஒரே எண் 2520, கண்டுபிடிச்சவர் ராமானுஜன், 7 நாள் × 30 நாள் × 12 மாசம், அதான் ரகசியம்"னு.

வகுபடுறது உண்மை தான். ஆனா "ஒரே எண்" கிடையாது, 5040, 7560, 10080னு 2520ஓட எல்லா மடங்கும் வகுபடும், 2520 அதுல சின்னது, அவ்வளவு தான். நாம ஸ்கூல்ல போட்ட மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கணக்கு: 8 × 9 × 5 × 7 = 2520. இதையே 20 வரைக்கும் போட்டா 23,27,92,560 வரும்.

மீ.சி.ம. கண்டுபிடிக்கிற வழி பழங்கால கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் காலத்துலயே இருக்கு, அதனால ராமானுஜன் கண்டுபிடிச்சார்னு சொல்றது தப்பு. காலண்டர் மேட்டரும் தற்செயல் தான், 30 × 12 = 360, வருஷத்துக்கு 365 நாள்ல!

ராமானுஜன் நிஜமா செஞ்சது இதைவிட பெருசுங்க. தன்னைவிட சின்ன எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் (மீதியில்லாம வகுக்குற எண்கள்) இருக்குற எண்களை ஆராய்ஞ்சு 1915ல கட்டுரை போட்டார், 48 வகுத்தியோட 2520 அந்தப் பட்டியல்ல ஒண்ணு, பட்டியல் 6746328388800 வரைக்கும் போகுது (அதுக்கு 10080 வகுத்தி!). நடுவுல 293318625600ஐ மட்டும் மனுஷன் விட்டுட்டார்.