டெபியன் 12-லிருந்து 13: நேராக ஃபுல்-அப்கிரேட் வேண்டாம்

டெபியன் லினக்ஸை 12-லிருந்து 13-க்கு மாற்ற, சோர்ஸ் லிஸ்டில் (பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்ற பட்டியலில்) 12-ன் பெயரான 'புக்வார்ம்' என்பதை 13-ன் பெயரான 'டிரிக்ஸி' ஆக்கி நேராக ஃபுல்-அப்கிரேட் (எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் கட்டளை) கொடுத்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. தொலைவில் இருக்கும் சர்வரில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் 12-ஐயே முழுசாக அப்டேட் செய்யுங்கள். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் பழைய திருத்தத்தில் நின்றிருந்தால், அப்கிரேட் பாதியில் இருக்கும்போது புது லாகின் எதுவும் ஏற்காமல் போகலாம். வேலையை டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் கருவி, tmux) ஓட்டுங்கள். வெளி ரெபோக்களை (டெபியனுடையது அல்லாத பேக்கேஜ் மூலங்களை) அணையுங்கள். பூட் (/boot) தனிப் பார்டிஷன் என்றால் அதில் சுமார் 300 எம்பி காலியாக இருக்கட்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான் பெரிய கண்ணி. அதன் புதிய பதிப்பு 17 நிறுவப்பட்டாலும் டேட்டா பழைய பதிப்பு 15-லேயே இருக்கும். 17 வெறும் கிளஸ்டராக (டேட்டா இல்லாத தனி டேட்டாபேஸ் தொகுப்பாக), பெரும்பாலும் 5433 போர்ட்டில் எழும். டம்ப் (டேட்டாவின் காப்புநகல்) எடுத்துவிட்டு, பிஜி_டிராப்கிளஸ்டர் (pg_dropcluster) கொண்டு அந்தக் காலி 17-ஐ நீக்கி, பிறகு 15-க்கு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் (pg_upgradecluster) ஓட்டுங்கள். நீக்கும்போது எண்ணை இருமுறை பாருங்கள், 15 என்று அடித்தால் உண்மையான டேட்டாவே போய்விடும். எல்லாம் சரிபார்க்கும்வரை ஆட்டோரிமூவ் (தேவையற்றதாகத் தெரியும் பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று: டெபியன் 13-ல் டெம்ப் டைரக்டரி (/tmp, தற்காலிகக் கோப்புகளின் இடம்) இயல்பாகவே ராமில் உட்காரும், பாதி ராம் வரை நிரம்பலாம். பெரிய பேக்கப் கோப்பை அங்கே எழுதும் ஸ்கிரிப்ட் இருந்தால், வார் டைரக்டரிக்குள் இருக்கும் டெம்ப்புக்கு (/var/tmp) மாற்றுங்கள். இல்லையென்றால் சிஸ்டம்சிடிஎல் (systemctl) மூலம் டெம்ப் மவுண்ட்டை (tmp.mount) மாஸ்க் செய்து, அதாவது இயங்காதபடி முடக்கி, ரீபூட் செய்யுங்கள்.